இரவல் மணிக்கட்டு

நாற்பத்தைந்து மணி நேரம் இருந்தது.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு முசிறி சமரச மன்றத்தில் ரித்திகா என்ற பெண் கையெழுத்துப் போடப் போகிறாள். இடையில் எத்தனை மணி என்று பார்க்கச் சிந்துஜாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேதியியல் படித்தவள். எண்களிடம் அவளுக்குப் பயமில்லை. மனிதர்களிடம்தான்.

ரித்திகா கேட்டிருந்தது ஒரே ஒரு வாழ்த்து அட்டை. தாளும் பூவும் சிந்துஜாவின் விருப்பம் என்று விட்டுவிட்டாள். உள்ளே எழுத வேண்டிய வரியை மட்டும் அவளே சொல்லியிருந்தாள். அது சிந்துஜாவின் கடைப் பக்கத்தில் இரண்டு வருடமாக முதலில் தெரிகிற வரி.

“மன்னிக்கக் கூடாதவர் என்று யாரும் இல்லை.”

அட்டை யாருக்கு என்பதையும் எழுதியிருந்தாள். கதிர்வேல். அவள் தெருவில் மூன்றாவது வீடு. தண்ணீர் கேன் போடுகிறவர். ஆளில்லாமல் தானே ஓடும் சுமை வண்டி ஒன்று வைத்திருந்தார். நாயைக் கண்டாலும் ஆட்டைக் கண்டாலும் அது நின்று விடுகிறது, கேன் போட நேரமாகிறது என்று வண்டியின் முன்பக்கக் கண்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அந்த வண்டி ரித்திகாவின் அக்கா ரம்யாவுக்காக நிற்கவில்லை.

குடும்பத்தில் வயது வந்த எல்லாரும் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் இப்படிப்பட்ட வழக்கு முடிந்துவிடும். புதிய சட்டம். ஒருமுறை போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாது. தெருவில் எல்லாரும் பேசிப் பேசி அப்பாவும் அம்மாவும் போட்டுவிட்டார்களாம். ரித்திகா மட்டும் மாட்டேன் என்று இருந்தாள். இப்போது அவளும் போடப் போகிறாள். போட்டுவிட்டு அட்டையைக் கதிர்வேல் கையில் கொடுக்க வேண்டும். செய்தி இப்படி முடிந்திருந்தது: “உங்க வரியைப் படிச்சதுக்கு அப்புறம்தான்க்கா முடிவு பண்ணினேன்.”

சிந்துஜா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கடைக்கு ‘தாள்பூ’ என்று பெயர். உறையூரில் வாடகை வீட்டின் கீழ்த்தளம், இரண்டு அறை. திருப்பூரிலிருந்து வரும் பனியன் துணிக் கழிவை ஊற வைத்து, அரைத்து, கூழாக்கித் தாள் செய்வது பின் அறையில். அதில் காய்ந்த பூவை ஒட்டி அட்டையாக்கி, பேனாவால் எழுதுவது முன் அறையில். பின் அறை லூர்துமேரியுடையது. ஐம்பத்திரண்டு வயது. கூழ்த்தொட்டிக்குள் சல்லடைச் சட்டத்தை இறக்கி ஒரே சீராகத் தூக்க அவளால்தான் முடியும். சிந்துஜாவுக்கு அவள் லூர்தக்கா. அவளுக்குச் சிந்துஜா பாப்பா.

மேசையின் இழுப்பறையில் அந்தப் பட்டை கிடந்தது. சாம்பல் நிறம், விரல் அகலம். அதற்கு மெய்யொப்பம் என்று பெயர்.

அது வந்த நாள் சிந்துஜாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் எழுத்தெல்லாம் இயந்திரத்தின் எழுத்தாகிவிட்டது. அழுவதும் உருகுவதும் நன்றி சொல்வதும் அதுவே. வாசிப்பவர்களுக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. கையால் செய்து விற்கிறவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அட்டையை யாரும் குறை சொல்லவில்லை. அட்டை செய்தவள் நிஜமா என்றுதான் கேட்டார்கள். அப்போதுதான் விற்பனைத் தளங்கள் பட்டையைக் கொண்டு வந்தன. கடைக்காரர் தன் மனதில் இருப்பதை எழுத வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். எண்பதுக்கு மேல் வந்தால் பதிவின் ஓரத்தில் பச்சை முத்திரையும் எண்ணும் விழும். முத்திரை இல்லாத பதிவு யார் கண்ணிலும் படாது.

பெட்டியைப் பிரித்தபோது லூர்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன பாப்பா இது, பிரஷர் பாக்கறதா?”

“ஒரு வரியைப் படிக்கிறப்போ நம்ம உடம்பு அதை ஒத்துக்குதா இல்லையான்னு பாக்கும்க்கா. நாடி, வேர்வை, நரம்பு, எல்லாத்தையும் சேத்து.”

“பொய் சொன்னா கண்டுபிடிச்சிருமா?”

“பொய்யைத் தேடறதில்ல. நாம நம்பறோமா, அதை மட்டும்தான்.”

“நம்பறது சரியா தப்பான்னு?”

“அது அதுக்குத் தெரியாது.”

“அப்ப பாதி வேலைதான் செய்யுது,” என்று சொல்லிவிட்டு லூர்து தொட்டிக்குப் போய்விட்டாள்.

சிந்துஜா கட்டிக்கொண்டு படித்தாள். மன்னிக்கக் கூடாதவர் என்று யாரும் இல்லை. பதினான்கு.

தன் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் அவள். பதற்றம்தான் காரணம் என்று நினைத்தாள். சோதித்தும் பார்த்தாள். ‘என் பெயர் சிந்துஜா’ என்பதற்கு நாற்பத்தொன்று வந்தது. லூர்து சிரித்ததில் சட்டத்தைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். பதற்றம்தான், சந்தேகமில்லை என்று சிந்துஜா நிம்மதியானாள். ஆனால் மறுநாள், யாரும் இல்லாதபோது, ‘எனக்கு மாங்காய் பிடிக்கும்’ என்று படித்தாள். தொண்ணூற்றேழு. அதை அவள் லூர்துவிடம் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியும், பதினான்கு எங்கிருந்து வந்தது என்று. ஆறு வருடத்துக்கு முன் அவள் எம்.எஸ்ஸி. கடைசிச் செய்முறைத் தேர்வில் இருந்தபோது அப்பா இறந்தார். தேர்வு கெட்டுவிடக் கூடாது என்று அண்ணன் பிரவீண் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னான். அவள் வந்தபோது அஸ்தியைக்கூடக் காவிரியில் கரைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. இதுதான் அவள். அந்த வரி, விற்கும் என்று எழுதியது. மன்னிப்பு அட்டைகள்தான் கடையில் அதிகம் போகும்.

பட்டை வந்த அந்த வாரம் தாள்களைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டே லூர்து ஏதோ பேச்சில் சொன்னாள். அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போனவர். இடுப்புப் பட்டை இல்லாமல் நாலாவது மாடிச் சாரத்தில் ஏறச் சொன்ன மேஸ்திரியால் கீழே விழுந்து செத்தார். “அந்த மேஸ்திரியை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் பாப்பா. ஃபாதர்கிட்டயே சொல்லிட்டேன்.”

சிந்துஜா பட்டையை எடுத்து வந்தாள். பட்டை விழிக்க அவளுடைய பெருவிரல் வேண்டும். விழித்த பிறகு யார் கையில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. லூர்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். எழுத்துக் கூட்டி வரியைப் படித்தாள். தொண்ணூற்று மூன்று.

“பாஸா?” என்றாள்.

இரண்டு வருடத்தில் இப்படி நாற்பத்தோரு வரிகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் சிந்துஜா விரலை வைப்பாள், லூர்து கையைத் துடைத்து நீட்டுவாள். பேச்சுகூட இருக்காது. கோபம் பற்றி, பொறுமை பற்றி, கடவுள் பற்றி, தனியாக இருப்பது பற்றி. முத்திரை விழாத வரிகளை எடுத்துவிடுவார்கள். நம்பிக்கை பொய்யில்லை, கைதான் வேறு என்று சிந்துஜா தனக்குச் சொல்லிக்கொண்டாள். அட்டைக்குத் தாள் லூர்துவுடையது, எழுத்து தன்னுடையது என்று இருப்பதைப் போலத்தானே இதுவும்.

இப்போது ஒருத்தி அதை நம்பிக் கையெழுத்துப் போடப் போகிறாள்.

புதன்கிழமை முழுவதும் அவள் பதில் எழுதி எழுதி அழித்தாள். உண்மையைச் சொன்னால் கடை போய்விடும். இரவல் முத்திரை வைத்தவர்களைத் தளம் நிரந்தரமாக நீக்கிவிடும். பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம் எவரும் எதையும் வாங்குவதில்லை. கடை போனால் பின் அறையும் போகும். இந்த வயதில் லூர்தக்கா எங்கே போவாள் என்று நினைத்தாள். அது நிஜமான கவலைதான். ஆனால் அந்த நேரத்தில் அது வசதியாகவும் இருந்தது. அது வசதியாக இருந்ததுதான் அவளை உறுத்தியது.

கடைசியில் அனுப்பியது ஒரு கோழை வாக்கியம். ஒருமுறை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

உடனே பதில் வந்தது. “எட்டு மாசமா யோசிச்சேன்கா. உங்க தொண்ணூத்தி மூணைப் பார்த்த அன்னைக்குத்தான் தூங்கினேன். ஒருத்தங்களால முடியுதுன்னா என்னாலயும் முடியும்ல. நாளைக்கு நானே வந்து அட்டையை வாங்கிக்கறேன்.”

வியாழக்கிழமை காலை சிந்துஜா அட்டை எழுத உட்கார்ந்தாள். முதல் அட்டையில் மை பரவியது. இரண்டாவதில் வரி சாய்ந்தது. மூன்றாவதில் ‘யாரும்’ என்ற சொல்லுக்குப் பிறகு பேனா ஓடவே இல்லை.

“தாளு என்ன மரத்துலயா காய்க்குது?” என்றாள் லூர்து, பின் அறை வாசலில் நின்று. “மூணு போச்சு. நான் முதுகு ஒடியத் தூக்கறேன், நீ சர்வ சாதாரணமா கிழிக்கறே.”

சிந்துஜா விஷயத்தைச் சொன்னாள். ரம்யா, கதிர்வேல், கறுப்பு டேப், நாளைக்குப் பதினோரு மணி. லூர்து நின்றபடியே கேட்டாள். நடுவில் ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டாள். போடட்டுமே, நல்லதுதானே, மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்றாள்.

“அவ என்னை நம்பிப் போடறாக்கா.”

“உன்னையா, என்னையா?” லூர்து சிரித்தாள். சிந்துஜா சிரிக்காததைப் பார்த்துத் தொட்டிக்குத் திரும்பினாள்.

அவள் போன பிறகு சிந்துஜா பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டினாள். இரண்டு வருடத்தில் முதல் முறை. ஒருவேளை எழுதி எழுதியே நம்பிக்கை வந்திருக்கலாம் என்ற நப்பாசை. அந்த வரியைப் படித்தாள்.

ஒன்பது.

கைபேசியில் பிரவீணின் செய்தி ஒன்று பதினொரு மாதமாகப் பதிலில்லாமல் கிடந்தது. அதையும் அன்று மறுபடி திறந்தாள். “உன் வரியைப் படித்தேன். எண்ணையும் பார்த்தேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வரட்டுமா?” அண்ணனும் அந்தத் தொண்ணூற்று மூன்றை நம்பியவன்தான். எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று அவள் எண்ணப் போகவில்லை. நான்காவது அட்டை சரியாக வந்தது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

ரித்திகா மாலை ஐந்து மணிக்கு வந்தாள். இன்னும் பதினெட்டு மணி நேரம்.

இருபத்து நான்கு வயது இருக்கும். மழலையர் பள்ளி ஆசிரியை. புடவையில் வண்ணச் சுண்ணாம்புத் தூள் அப்படியே இருந்தது. பள்ளி விட்டதும் நேரே பேருந்து ஏறியிருக்கிறாள். கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். முசிறிக்காரி வெறும் கையோடு வந்தால் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லி மேசையில் வைத்தாள்.

“எழுத்தைப் பாத்துட்டு நீங்க இன்னும் பெரியவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. கண்ணாடி போட்டு, முடி நரைச்சு.”

“அது உள்ள இருக்கு,” என்று லூர்து பின் அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

ரித்திகா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து நாளாகியிருக்கும்போல. சிரிப்பு முடிந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி அவற்றைப் பார்த்துக்கொண்டாள்.

சிந்துஜா அட்டையை எடுத்துக் கொடுத்தாள். காய்ந்த நந்தியாவட்டை ஒன்று வெளியே. உள்ளே அந்த வரி. ரித்திகா அதை மனதுக்குள் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு ரம்யாவைப் பற்றிப் பேசினாள். அக்காவுக்குக் கடிதம், அட்டை என்றால் பைத்தியமாம். தாள்பூவை முதலில் பார்த்ததே அவள்தானாம். பிறந்த நாளுக்கு ஒரு அட்டை வரவழைத்துத் தங்கைக்குக் கொடுத்தாளாம். சிந்துஜாவுக்கு அந்த அட்டை நினைவில் இல்லை. இருக்கிறது என்று தலையாட்டினாள். அதுவும் ஒரு பொய்தான் என்று உடனே தோன்றியது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“நீங்க யாரை மன்னிச்சீங்களோ எனக்குத் தெரியாது. அது எனக்கு வேண்டாம். மன்னிச்சதுக்கு அப்புறம் அந்த ஆளை நேர்ல பாத்தீங்களா?” அவள் அட்டையை மூடி மடியில் வைத்தாள். “எழுத்துல படிக்கிறப்போ என்னால முடியுதுக்கா. ஆனா எனக்கு அவரு மூணாவது வீடு. காலையில காலி கேனை வண்டியில ஏத்துற சத்தம் வரும். டொக்கு டொக்குன்னு. அதைக் கேட்டா ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போயிடறேன். கையெழுத்துப் போட்டுட்டா அது நின்னுருமா? உங்களுக்கு நின்னுச்சா?”

சிந்துஜா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ரித்திகா வேண்டாம் என்றாள். அவள் கண் மேசையின் திறந்த இழுப்பறையில், சாம்பல் பட்டையில் இருந்தது.

“இதுதானா அது?” என்றாள். “எனக்காக ஒரே ஒரு தடவை இப்ப கட்டிக்கிட்டுப் படிக்கிறீங்களா? என் கண்ணால அந்த எண்ணைப் பாத்துட்டுப் போயிட்டேன்னா நாளைக்குத் தயங்காம போட்டுருவேன்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிந்துஜா பட்டையை எடுத்தாள். பெருவிரலை வைத்தாள். பட்டை ஒருமுறை அதிர்ந்து விழித்தது. அந்த அதிர்வு பின் அறைக்குக் கேட்டிருக்க வேண்டும். லூர்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சிந்துஜாவும் திரும்பினாள். பட்டையை நீட்டினாள். லூர்து மணிக்கட்டை நீட்டினாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம். இரண்டு பேரும் பாதியில்தான் விழித்துக்கொண்டார்கள்.

ரித்திகா ஒரு கையைப் பார்த்தாள். இன்னொரு கையைப் பார்த்தாள்.

லூர்து சட்டென்று பட்டையைப் பறித்து முந்தானையில் தேய்த்தாள். “தூசி பாப்பா. தொடச்சுத் தரேன், நீ கட்டிக்கோ,” என்றாள். கண்ணால் கெஞ்சினாள். அது நல்ல பொய். ரித்திகா அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. நம்ப வந்தவள் அவள். அவளை ஏமாற்ற இன்னும் ஒரு சொல்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும்.

சிந்துஜாவின் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துப் பேசினாள்.

“அந்த எண் என்னோடது இல்ல.”

பின் அறையில் தொங்கிய தாள்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என் எண்ணு ஒம்பது,” என்றாள் சிந்துஜா. “இன்னைக்குக் காலையில பாத்தேன். எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். ஆறு வருஷமா பேசல. நான் யாரையும் மன்னிச்சதில்ல. அந்த வரி அட்டை விக்கறதுக்காக எழுதினது. முத்திரைக்கு லூர்தக்கா கையில கட்டினோம். நீங்க நாளைக்குப் போடற கையெழுத்துக்கு என்னைக் காரணமா வெச்சுக்காதீங்க. தளத்துக்கு நீங்க எழுதணும்னா எழுதுங்க. நானே எழுதறேன்.”

ரித்திகா மடியிலிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பழச் சீப்புக்குப் பக்கத்தில், மெதுவாக. கத்துவாள் என்று சிந்துஜா எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

“உங்க பேரைச் சொல்லித்தான் அம்மாகிட்ட சண்டை போடறதை நிறுத்தினேன்,” என்றாள் ரித்திகா. “அக்கா படத்துக்கு முன்னாடி உக்காந்து உங்க வரியைப் படிச்சுக் காட்டினேன். தெரியுமா உங்களுக்கு?”

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரித்திகா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று யோசித்தாள். திரும்பியபோது சிந்துஜாவைப் பார்க்கவில்லை. லூர்துவைப் பார்த்தாள்.

“அப்ப தொண்ணூத்தி மூணு உங்களோடது.”

லூர்து தலையசைத்தாள்.

“அது நிஜம்தானே?”

“சாமி சத்தியமா நிஜம்மா. மேஸ்திரி ஒருத்தன். என் வீட்டுக்காரரைக் கொன்னவன். மனசார மன்னிச்சேன்.”

ரித்திகாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. சிந்துஜாவுக்கும் உள்ளே ஏதோ இறங்கியது. கை வேறாக இருந்தாலும் நம்பிக்கை பொய்யில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பழைய சமாதானம் அவளிடம் மிச்சம் இருந்தது. இந்தப் பெண் போய்க் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டு நிம்மதியாகவும் இருக்கலாம். எதுவும் முழுக்கக் கெட்டுப் போகவில்லை.

“அப்ப நீங்க சொல்லுங்க,” என்றாள் ரித்திகா. “மன்னிச்சதுக்கு அப்புறம் அந்த ஆளை நேர்ல பாத்தீங்களா?”

லூர்து தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. இரண்டு வருடத்தில் அந்த மேஸ்திரியைப் பற்றி ஒரு கேள்விகூடத் தான் கேட்டதில்லை என்று அப்போதுதான் சிந்துஜாவுக்குத் தெரிந்தது. பேர் என்ன, எந்த ஊர், எப்போது, எப்படி. எதையும் கேட்கவில்லை. எண் வந்தால் போதும் என்று இருந்தாள்.

“எங்க போயிம்மா பாக்கறது,” என்றாள் லூர்து. “நான் ஃபாதர்கிட்ட போய் மன்னிச்சுட்டேன்னு சொன்னப்போ அந்த ஆளு செத்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு.”